நாற்பது மீட்டர் குறைவு

சிலோயே தீவில் கடல்
நாளுக்கு இருமுறை ஆறு மீட்டர் ஏறும்,
ஆறு மீட்டர் இறங்கும்.
காஸ்த்ரோவில் மரக்கால் ஊன்றி நிற்கும் வீடுகளுக்கு
இது பழக்கம்.
கட்டப்போகும் சுவர்தான் இனிமேல் பழக வேண்டும்.

என் பிழைப்பு சல்லடை.
ஒன்றன்மேல் ஒன்றாகப் பித்தளை வளையங்கள்.
மேலே கல் தங்கும், கீழே போகப் போக மாவு.
கடைசி வலையின் கண் எழுபத்தைந்து மைக்ரான்.
அதையும் தாண்டி விழுவது எதையும்
நான் நம்புவதில்லை.

நகராட்சியின் அபெலார்தோ ஒயார்சுன்
சாலைக்கு மேலிருந்த மேட்டைக் காட்டினார்.
"மண் இங்கேயே கிடக்கிறது,
வெட்டி அள்ளினால் லாரிக்கு இரண்டே கிலோமீட்டர்."
எரிமலைச் சாம்பல் மண். பழுப்பு.
பிடித்துப் பார்த்தால் ரேகை பதியும்.
காயவைத்துச் சலித்தேன்:
நூற்றுக்கு முப்பத்தொன்று அடித்தட்டில்.
ஐந்தைத் தாண்டக் கூடாது என்றேன்.
"நன்றாகப் பிடித்து நிற்கிறதே" என்றார்.
பிடித்து நிற்பதுதானே பயம்.

சிப்பித்தூள் கலந்த கரைமணல்?
ஒரே அளவு, ஒரே உருட்டு;
அலை உறிஞ்சினால் மூட்டு வழியே
சத்தமில்லாமல் கிளம்பிவிடும்.
இடித்த பழைய துறையின் கான்கிரீட் துண்டுகள்?
இலவசம்தான். ஆனால் சுண்ணாம்பு கசியும்.
அடுக்கடுக்காய் நாம் விரிக்கும் வலையின்
பாலியஸ்டர் நூலை
வருடக்கணக்கில் உட்கார்ந்து தின்னும்.

மிச்சம், கால்வாய்க்கு அப்பால் குவாரியின் உடைகல்.
கூர்முனை, கழுவியது,
படகில் வர வேண்டும், மும்மடங்கு விலை.
அபெலார்தோ என் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

எண்களை யாரும் படிப்பதில்லை.
இரண்டு பீப்பாய்களைத் துளைத்துக்
கரையில் பாதி புதைத்தேன்.
ஒன்றில் மேட்டு மண், ஒன்றில் உடைகல்.
நடுவில் குழாய், குழாய்க்குள் தக்கை,
தக்கைமேல் சிவப்புக் குச்சி.
கடல் வந்து இரண்டையும் மூடியது.
அபெலார்தோ காரிலேயே தூங்கினார்.

கடல் இறங்கியபோது
கல்லின் குச்சியும் கூடவே இறங்கியது,
படியில் கைகோத்து இறங்குவதுபோல.
மண்ணின் குச்சி அசையவில்லை.
கடல் போன சேதி அதற்கு இன்னும் எட்டவில்லை.
வெறும் சேற்றில் நண்டு ஓடுகிறது,
பீப்பாயின் துளைகளில் மட்டும்
மணிக்கணக்காய் அழுகை.

"இதைச் சுவர் என்று நினையுங்கள்.
முன்னால் தாங்க நீர் இல்லை,
பின்னால் ஒரு கடல் சாய்ந்து நிற்கிறது.
நாளுக்கு இருமுறை."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காலணியைக் கழற்றிச் சேற்றில் இறங்கித்
தன் விரலாலேயே அந்தக் குச்சியை
அழுத்திப் பார்த்தார்.

ஈரமுள்ள நெஞ்சு என்று புகழ்கிறோம்,
கல்நெஞ்சு என்று ஏசுகிறோம்.
சுவருக்குப் பின்னால் போய் நின்றால்
அந்த இரண்டு சொல்லையும்
இடம் மாற்றி வைக்கத் தோன்றும்.

கல் வந்தது. பணம் கூடி வரவில்லை.
இருநூற்றறுபது மீட்டர் சுவர்
இருநூற்றிருபதில் நின்றது.
விட்டுப்போன நாற்பதில் இருக்கிறது
எதுவினா மில்லலோன்கோவின் கொட்டகை.
அவள் அங்கே சிப்பி புகை போடுகிறாள்.
கல்லின் முனை பற்றியோ, வடிதுணி பற்றியோ
அவள் கேட்கவில்லை. "எதுவரை?" என்றாள்.
கடைசி முளையைக் காட்டினேன்.
புகையில் சிவந்த கண்களால்
முளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

என் கணக்கு சரி.
மண்ணை நிரப்பியிருந்தால் அவள் கொட்டகைவரை போயிருக்கும்,
சில மழைக்காலம் நின்றிருக்கும்,
பிறகு மொத்தமாகச் சாய்ந்திருக்கும்.
இதை அவளிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
"சரி" என்றாள், மூன்று முறையும்.

போன வியாழன், சோதனை முடிந்த பீப்பாய்களை
எடுக்கப் போனேன். மண் பீப்பாய் மட்டும் இருந்தது.
கல் பீப்பாயை யாரோ உருட்டிப்போன தடம்
சேற்றில் நேராகக் கிழக்கே போயிற்று,
கொட்டகை மூலையில், கரை அரிக்கும் இடத்தில்
அது நிமிர்ந்து நின்றது, சிவப்புக் குச்சியோடு.

பீப்பாயின் அகலம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.
இனி குறைவு
முப்பத்தொன்பது மீட்டர் நாற்பத்திரண்டு.